பழமும் பூவும் ஒரே கோல்ட் ரூம்ல வைக்கலாமா? கார்னேஷன் மூடிக்குது, வாழை சாம்பல் அடிச்சுப் போகுது

பச்சைக்கதவு:

வணக்கம் மக்களே. எங்க கிட்ட ஒரே ஒரு கோல்ட் ரூம்தான், பழமும் அதுலதான் பூவும் அதுலதான். பழம்னா வாழை, மாங்காய், பப்பாளி, கொஞ்சம் அன்னாசி. பூ பக்கம் ரோஜா, கார்னேஷன், ஜெர்பரா, டெண்ட்ரோபியம் ஆர்க்கிட், ஆந்தூரியம். பூவுக்கு நல்ல குளிர் வேணும், பழத்துக்கு அவ்வளவு ஆகாதுன்னு சொன்னாங்க, சரி ரெண்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு 8 டிகிரில செட் பண்ணிட்டோம்.

இப்ப என்ன ஆகுதுன்னா கார்னேஷன் உள்ள போகும்போது நல்லா விரிஞ்சு நிக்குது, வெளிய எடுத்து தண்ணில வச்சா இதழ் உள்பக்கமா சுருண்டு மூடிக்குது, அப்புறம் என்ன பண்ணாலும் திறக்கறதே இல்ல. டெண்ட்ரோபியத்துல நுனி மொட்டு மஞ்சளாகி தொட்டாலே கொட்டுது. ஜெர்பரா தலை தொங்கிடுது. வாழைய பச்சையா வச்சு எடுத்து பழுக்க வச்சா மஞ்சளே வரல, ஏதோ அழுக்கு சாம்பல் கலர், உள்ள சதையும் ஒரு மாதிரி கட்டியா இருக்கு. மாங்காய் பாதி பழுத்து பாதி காயா நிக்குது. குளிர் பத்தலன்னு ஒருத்தர் சொல்றார், குளிர் ஜாஸ்தின்னு இன்னொருத்தர். யாராவது விளக்கமா சொன்னா புண்ணியமா போகும்.

சீப்பும்தாரும்:

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான், அதுதான் பிரச்சனையே. 8 டிகிரிங்கறது ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். ரோஜா, கார்னேஷனுக்கு 0-ல இருந்து 2 டிகிரி வேணும், அதுங்களுக்கு 8 ரொம்ப சூடு. வாழைக்கு 13-க்கு கீழ போகவே கூடாது, அதுக்கு 8 கொடூரமான குளிர்.

உங்க வாழைக்கு வந்திருக்கறது குளிர் காயம். நிச்சயம் பண்ணிக்கணும்னா ஒரு பச்சைக் காய எடுத்து தோல் மேல் பரப்ப நகத்தால மெல்லிசா சுரண்டிப் பாருங்க, அடியில பழுப்பு கலர்ல கோடு கோடா ஓடியிருக்கும், நரம்பு மாதிரி. நல்ல காய்ல அந்த இடம் வெளிர் பச்சையா சுத்தமா இருக்கும். வெளிய பார்த்தா எதுவுமே தெரியாது, அதனாலதான் ரூம்ல இருக்கற வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்குவோம், வெளிய எடுத்து பழுக்க வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பச்சை வாழைய 13, 14 டிகிரில வைங்க. முத்தின பச்சை மாங்காய்க்கு ஏறக்குறைய 12, 13. மாம்பழம் பழுத்ததுக்கு அப்புறம் கொஞ்சம் கூடுதல் குளிர தாங்கும், காயா இருக்கும்போது தாங்காது, இது நிறைய பேருக்கு தலைகீழா தோணும் ஆனா அப்படித்தான். மாங்காய்க்கு குளிர் அடிச்சா தோல்ல சாம்பல் திட்டு, சின்னச் சின்ன குழி, அங்கங்க பழுக்காம நிக்கறது, வாசனையே வராம போறது எல்லாம் வரும். அன்னாசி இன்னும் மோசம், வெளிய பளபளன்னு இருக்கும், அறுத்தா நடுத்தண்ட ஒட்டி உள்ளுக்குள்ள கருத்திருக்கும், அதுவும் குளிர்ல இருந்து வெளிய வந்த சில நாள்லதான் தெரியும்.

ஆனா கார்னேஷன் மூடிக்கறதுக்கு காரணம் குளிர் இல்ல. அத பூ ஆளுங்க யாராவது சொல்லட்டும்.

தண்டுவெட்டி:

கூப்பிட்டீங்க, வந்துட்டேன் 😀

கார்னேஷன் மூடிக்கறது எத்திலீன் வேலை. உங்க மாங்காய், வாழை, பப்பாளி எல்லாம் பழுக்கும்போது விடற வாயு இருக்கே அதேதான். பழத்துக்கு அது பழுக்கறதுக்கான சிக்னல், பூவுக்கு வயசாகி விழறதுக்கான சிக்னல். காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம், ஒரு நாள் பட்டாலே போதும், கார்னேஷன் தூங்கிடும். தூக்கம்னுதான் பூ வியாபாரத்துல சொல்றதே, ஆனா இந்தத் தூக்கத்துல இருந்து எழுப்ப முடியாது.

இதுல ஒரு சுவாரசியம், எத்திலீன் கதையே ஒரு வகைல கார்னேஷன்லதான் சூடு பிடிக்குது. 1901-ல நெல்யுபோவ்னு ஒரு ரஷ்ய ஆராய்ச்சியாளர், லேப்ல எரியற விளக்கு வாயுவால பட்டாணி நாத்து கோணல் மாணலா வளர்றத பார்த்து, அந்த வாயுவுல இருக்கற எத்திலீன்தான் காரணம்னு கண்டுபிடிச்சார். அப்புறம் சிகாகோ பக்கம் கண்ணாடிக் குடில்ல கார்னேஷன் வளர்த்தவங்களுக்கு மொட்டு விரியாம, விரிஞ்சது மூடிக்கிட்டு பெரிய நஷ்டம், 1908-ல கிராக்கர், நைட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ஞ்சு பார்த்தா அதே விளக்கு வாயு கசிவு, அதே எத்திலீன். பழமே அந்த வாயுவ தானா உண்டாக்குதுன்னு கேன்ங்கற ஆராய்ச்சியாளர் நிரூபிச்சது அதுக்கும் ரொம்ப அப்புறம், 1934-ல, ஆப்பிள வச்சு. ஆக பழத்துக்கு முன்னாடி பூதான் மாட்டுச்சு.

உங்க டெண்ட்ரோபியம் மொட்டு கொட்டறதும் இதே கதைதான். ஆர்க்கிட்ல ஒரு கூடுதல் தொல்லை, பூவுக்கு மகரந்தம் பட்டாலோ, கை பட்டு அந்த நடுவுல இருக்கற சின்ன மூடி கழண்டு மகரந்த உருண்டை வெளிய வந்தாலோ பூவே எத்திலீன் விட ஆரம்பிச்சிடும், வெளிய பழமே இருக்கணும்னு இல்ல. அதனால பெட்டில அடுக்கும்போது ஆர்க்கிட் முகத்துல கை வைக்காதீங்க.

ஜெர்பரா தலை தொங்கறதுக்கு எத்திலீன திட்டாதீங்க, அது வேற. பக்கெட் தண்ணி. தண்டுல தண்ணி ஏறற குழாய் அடைச்சுக்குது, பாதி பாக்டீரியா பாதி காத்துக் குமிழி. ஜெர்பரா தண்டுல முடி முடியா இருக்கும், உள்ள பொந்து வேற, ஆழமா தண்ணில முக்கினா அழுகல் சீக்கிரம். கொஞ்சமா தண்ணி, சுத்தமான பக்கெட், அடிய ரெண்டு மூணு சென்டிமீட்டர் புதுசா வெட்டுங்க, தண்ணிக்குள்ள வச்சே வெட்டினா இன்னும் நல்லது, வெட்டின வாய்ல காத்து நுழையாது. பூவ வாங்கினதும் எல்லாரும் பூவப் பார்ப்பாங்க, நான் முதல்ல பக்கெட்டோட உள்பக்கத்த விரலால தடவிப் பார்ப்பேன். வழவழன்னு இருந்தா அந்த பக்கெட்ல போட்ட பூ தேறாது.

இலைமறைகாய்:

அப்ப பூவையும் பழத்தையும் ஒண்ணா வைக்கவே கூடாதா? சூப்பர் மார்க்கெட்ல பக்கத்துல பக்கத்துல தானே வைக்கறாங்க?

தண்டுவெட்டி:

வைக்கறாங்க, அதனாலதான் அங்க வாங்கற பூ வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்ல தலைய போடுது.

ஆனா எல்லா பூவும் ஒண்ணு இல்ல. கார்னேஷன், ஆர்க்கிட்டுக்கு எத்திலீன் சுத்தமா ஆகாது. ரோஜா ரகத்துக்கு ரகம் மாறும், சிலது கண்டுக்காது சிலது இதழ உதிர்த்துடும். ஜெர்பரா, கிளாடியோலஸ், ஆந்தூரியம் எல்லாம் எத்திலீனுக்கு பெருசா அசையாது. கிளாடியோலஸ படுக்க வச்சா நுனி மேல்நோக்கி வளைஞ்சிடும், அது வேற பஞ்சாயத்து, நிக்க வைங்க.

சீப்பும்தாரும்:

ஒண்ண கவனிக்கணும். எல்லா பழமும் ஒரே மாதிரி வாயு விடறது இல்ல. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, பலா, சீத்தா, அவகாடோ இதெல்லாம் பறிச்ச பிறகும் பழுக்கற சாதி, பழுக்கற நேரத்துல திடீர்னு மூச்சு வேகமா விட்டு எத்திலீன் கொட்டும். அன்னாசி, ஆரஞ்சு, திராட்சை, மாதுளை, டிராகன் ஃப்ரூட் எல்லாம் பறிச்சப்ப என்ன இனிப்போ அவ்வளவுதான், எத்தன நாள் வச்சாலும் கூடாது, தோல் கலர் வேணா மாறும். அன்னாசிய "பழுக்கட்டும்"னு வச்சு காத்திருக்கறது வீண், அதுல சர்க்கரையா மாறறதுக்கு மாவுச்சத்து கையிருப்பே இல்ல. பச்சை வாழைல சதை எடைல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல மாவுச்சத்து, பழுத்தா ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் மிச்சம், மீதி எல்லாம் சர்க்கரை. பப்பாளி இந்த ரெண்டுக்கும் நடுவுல ஏமாத்தற ஆளு, பறிச்ச பிறகு மெத்துனு ஆகும் கலரும் வரும், ஆனா மாவுச்சத்து சேத்து வைக்காத பழம்ங்கறதால இனிப்பு மரத்துல இருக்கும்போதே ஏறியிருக்கணும். முழுப் பச்சைல பறிச்ச பப்பாளி மஞ்சளாகி சப்புனு இருக்கறது இதனாலதான். தோல்ல ஒரு மஞ்சள் கோடு விழுந்த பிறகு பறிச்சதா பார்த்து எடுங்க.

இன்னொரு விஷயம், 1910-லயே ஜமைக்கால கசின்ஸ்னு ஒருத்தர் ஆரஞ்சையும் வாழையையும் ஒரே கப்பல்ல ஏத்தாதீங்க, வாழை வழியிலயே பழுத்துடுதுன்னு எழுதி வச்சார். வேடிக்கை என்னன்னா நல்ல ஆரஞ்சு எத்திலீன் விடறது ரொம்ப ரொம்ப கம்மி. ஆரஞ்சு மேல வர்ற பச்சைப் பூஞ்சை இருக்கே, அதுதான் அள்ளி விடும். அதனால ரூம்ல ஒரு மூலைல ஒரு கிரேட்ல ஒரே ஒரு அழுகல் கிடந்தாலும் அத பொறுக்கி வெளிய போடுங்க. உதிர்ந்த பூ, காஞ்ச இலை, அடிபட்ட காய் எல்லாம் அதே கணக்குதான். டீசல் வண்டிய ரூம் வாசல்ல ஓட விட்டுட்டு லோட் இறக்கறதும் வேண்டாம், புகைலயும் எத்திலீன் இருக்கு.

மஞ்சள்வெயில்:

இவ்வளவு கெமிக்கல் கதை எதுக்கு, பழம்னா இயற்கையா பழுக்கணும், இந்த எத்திலீன் சேம்பர்ல அடைச்சு கேஸ் அடிச்சு பழுக்க வைக்கறதும் கார்பைடு கல்லும் ஒண்ணுதான், ரெண்டுமே விஷம்.

சீப்பும்தாரும்:

ஒண்ணு இல்ல ஐயா. கோவத்துல சொல்லல, ஆனா இத இப்படியே விட்டா படிக்கறவங்க நம்பிடுவாங்க.

சேம்பர்ல விடற எத்திலீனும் பழம் தானே உண்டாக்கற எத்திலீனும் ஒரே மூலக்கூறு, ஒரு அணு வித்தியாசம் கிடையாது. 100 பிபிஎம், ஒரு நாள்ல இருந்து ரெண்டு நாள், அவ்வளவுதான், அதுக்கப்புறம் பழம் தன் சொந்த எத்திலீன உண்டாக்க ஆரம்பிச்சிடும், நாம கேஸ நிறுத்திடலாம். கார்பைடு கல் ஈரத்துல பட்டா வர்றது அசிட்டிலீன். அது எத்திலீன் மாதிரி கொஞ்சம் வேலை செய்யும், ஆனா பல மடங்கு அதிகமா வேணும். விஷயம் அது கூட இல்ல, கடைல கிடைக்கற கார்பைடு வெல்டிங்குக்கு செஞ்ச சரக்கு, அதுல ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருக்கும், ஈரம் பட்டா ஆர்சீன், பாஸ்பீன்னு விஷ வாயுவா வரும். நிறைய நாட்டுல தடை பண்ணது அதனாலதான். எத்திஃபான்னு எத்திலீன் விடற மருந்து இருக்கே, அந்தக் கரைசல்ல பழத்த நேரா முக்கி எடுக்கறாங்களே அதையும் நான் ஆதரிக்க மாட்டேன், மருந்து தோல் மேலயே நிக்கும். கேஸ் வேற, முக்கறது வேற.

சேம்பர் நடத்தறவங்களுக்கு ஒண்ணு, வாழைன்னா 15-ல இருந்து 18 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல, கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதம் தாண்டாம அப்பப்ப கதவத் திறந்து காத்து மாத்தணும். மூச்சு விட்டு விட்டு ரூம்ல கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தா அது எத்திலீன வேலை செய்ய விடாது, கேஸ் அடிச்சும் பழுக்கலையேன்னு இன்னும் கேஸ் அடிக்கறவங்கள பார்த்திருக்கேன். இன்னும் அடிக்கறதுல பலன் இல்ல ஆபத்து இருக்கு, காத்துல 2.7 சதவீதம் தாண்டினா எத்திலீன் பத்திக்கும், ரூமே வெடிக்கும். 100 பிபிஎம்முக்கும் அதுக்கும் நிறைய தூரம் இருக்கு, சிலிண்டர நேரா திறந்து விட்டா அந்த தூரம் காணாம போயிடும்.

ரொம்ப சூட்டுலயும் வேண்டாம். 30 டிகிரி கிட்ட பழுக்க வச்சா கேவண்டிஷ் வாழை உள்ள மெத்துனு ஆகிடும், தோல் மட்டும் பச்சையாவே நிக்கும், பச்சையம் உடையாது. மாங்காய்க்கு 20-ல இருந்து 22 நல்ல கணக்கு.

மாந்தோப்பு:

லேட்டா வர்றேன் மன்னிக்கவும். பச்சைக்கதவு, உங்க மாங்காய் பாதி பழுத்து பாதி நிக்குதுன்னீங்க, அதுக்கு குளிர மட்டும் குத்தம் சொல்லாதீங்க, வந்த காய் முத்தினதான்னு பார்த்தீங்களா? பிஞ்சுல பறிச்ச காய்க்கு எத்திலீன் 100 இல்ல 1000 கொடுத்தாலும் வெம்பிதான் போகும், தோல் சுருங்கி மஞ்சளாகி உள்ள புளிப்பா ரப்பர் மாதிரி இருக்கும். ஒரு பக்கெட் தண்ணில போட்டுப் பாருங்க, நல்லா விளைஞ்சது பெரும்பாலும் முங்கும், மிதக்கறத தனியா எடுத்து வைங்க. தோள்பட்டை பாருங்க, காம்பு இருக்கற இடம் பள்ளமாகி ரெண்டு பக்கமும் தோள் மேல எழும்பியிருக்கணும். சந்தேகமா இருந்தா ஒரு காய பலி கொடுத்து அறுங்க, கொட்டைய ஒட்டி சதை மஞ்சள் ஏற ஆரம்பிச்சிருந்தா தைரியமா வாங்கலாம், கொட்டை வரைக்கும் வெள்ளையா இருந்தா திருப்பி அனுப்புங்க.

அப்புறம் மாங்காய்க் காம்புல வடியற பால். காம்போட பறிச்சு, பிறகு காம்ப சின்னதா நறுக்கி தலைகீழா கவுத்து வைக்கணும். நறுக்கின உடனே பீச்சி அடிக்கற பால்தான் எண்ணெய்ப் பசையோட இருக்கும், தோல் வெந்த மாதிரி பழுப்பு வழிசல் விழறது அதாலதான். அது வாங்கும்போது லேசா இருக்கும், பழுத்தா கருக்கும். அத பார்த்துட்டு நிறைய பேர் குளிர் காயம்னு நினைச்சுக்கறாங்க. வித்தியாசம் சுலபம், பால் பட்டது காம்புல இருந்து கீழ வழிஞ்ச தடமா இருக்கும், குளிர் அடிச்சது எங்க வேணா திட்டுத் திட்டா இருக்கும்.

பழுக்கும்போது கரும்புள்ளி வந்து பரவுதுன்னா அது மூணாவது ஆள், ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை. காயா இருக்கும்போதே தோலுக்குள்ள பதுங்கியிருக்கும், பழுக்கறப்ப எழும்பும். 52 டிகிரி தண்ணில 5 நிமிஷம் முக்கி எடுத்து ஆற வச்சா நல்லா கட்டுப்படும், ஆனா கை வச்சு சூடு பார்க்கற வேலை எல்லாம் வேண்டாம், தெர்மாமீட்டர் கட்டாயம், ரெண்டு மூணு டிகிரி ஏறினா தோல் வெந்துடும்.

இலைமறைகாய்:

இந்த எத்திலீன உறிஞ்சற பாக்கெட் விக்கறாங்களே, ஊதா கலர் உருண்டை போட்டது, அத ரூம்ல நாலு மூலைலயும் தொங்க விட்டா பிரச்சனை தீராதா?

தண்டுவெட்டி:

அது பொட்டாசியம் பெர்மாங்கனேட். மூடின பெட்டிக்குள்ள வச்சா உபயோகம், ஊதா பழுப்பா மாறினா தீர்ந்துச்சுன்னு அர்த்தம். ஒரு ரூம் முழுக்க பழம் பழுத்துக்கிட்டு இருக்கும்போது நாலு பாக்கெட் என்ன கிழிக்கும் சொல்லுங்க. கதவத் திறந்து காத்து மாத்தறது அதவிட மேல்.

பூவுக்கு உருப்படியான மருந்து 1-எம்சிபிங்கற வாயு. நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் கண்டுபிடிச்சது. செல்லுல எத்திலீன் போய் உட்கார்ற பூட்டுக்குள்ள பொய்ச்சாவிய சொருகி விட்ட மாதிரி, அப்புறம் எத்திலீன் வந்தாலும் நுழைய இடம் இல்ல. அளவு பிபிஎம் கூட இல்ல, பிபிபி கணக்கு, அதாவது நூறு கோடில ஒரு பங்குங்கற கணக்கு. இறுக்கி மூடின இடத்துல சில மணி நேரம் வைக்கணும், ஓட்டை ரூம்ல பிரயோஜனம் இல்ல. அதுக்கு முன்னாடி எல்லாம் வெள்ளி தயோசல்பேட் கரைசல்ல தண்ட நிக்க வைப்பாங்க, கார்னேஷனுக்கு இன்னைக்கும் அத அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா வெள்ளி கன உலோகம், மிச்ச தண்ணிய எங்க ஊத்தறதுங்கறதுதான் தலைவலி.

சீப்பும்தாரும்:

1-எம்சிபிய பழத்துக்கும் போடறாங்க, ஆனா பார்த்துப் போடணும். பப்பாளிக்கு ரொம்ப சீக்கிரமா, கலர் லேசா திரும்பற நேரத்துலயே கொடுத்தா அப்புறம் சதை இளகவே இளகாது, மஞ்சளா இருக்கும் கடிச்சா ரப்பர்.

பச்சைக்கதவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாழைத் தோல சுரண்டிப் பார்த்தேன், சொன்ன மாதிரியே பழுப்புக் கோடு. மாங்காய்ல பாதி மிதக்குது 😑 இப்ப ரெண்டாவது ரூம் கட்ட வழியில்ல, ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் மாதிரி ஏதாவது வேணா வாங்கலாம். எத எங்க வைக்கறது? அப்புறம் பூ தண்ணில சர்க்கரை போடலாமா, ஆஸ்பிரின் போடலாமா, காசு போடலாமான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தண்டுவெட்டி:

ரூம 13 டிகிரிக்கு ஏத்திடுங்க, அது பழத்தோட ரூம். ஆந்தூரியத்த அதுலயே விடலாம், அதுவும் வெப்பமண்டலப் பூதான், 12-க்குக் கீழ போனா நீலம் பாய்ஞ்சு கருத்துடும், எத்திலீனுக்கும் பெருசா அலட்டிக்காது. ஹெலிகோனியா வந்தாலும் அங்கதான், அதுக்கும் குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜ 1, 2 டிகிரில வச்சு ரோஜா, கார்னேஷன், ஜெர்பரா அதுல, அந்தக் குளிர்ல பூ எத்திலீனுக்கு காது கொடுக்கறதும் குறையும். ஆனா அதுக்குள்ள ஒரு ஆப்பிள் கூட வச்சுடாதீங்க, மதியச் சாப்பாட்டுக்குன்னு யாராவது கொண்டு வந்து வைப்பாங்க.

சிக்கல் டெண்ட்ரோபியம்தான். குளிர் ஆகாது அதனால ஃப்ரிட்ஜ்ல வைக்க முடியாது, எத்திலீன் ஆகாது அதனால பழ ரூம்லயும் வைக்க முடியாது. அத ஸ்டாக் வைக்காதீங்க, தேவைக்கு வரவழைச்சு அன்னைக்கே அனுப்பிடுங்க, வெயில் படாத ஏசி ரூம் போதும்.

தண்ணிக்கு மூணு விஷயம்தான், சாப்பாட்டுக்கு சர்க்கரை 1-ல இருந்து 2 சதவீதம், தண்ணிய புளிப்பாக்க சிட்ரிக் ஆசிட் பிஎச் 3.5 கிட்ட வர்ற மாதிரி, பாக்டீரியாவுக்கு ஏதாவது கொல்லி. சர்க்கரை மட்டும் போட்டா பாக்டீரியாவுக்குதான் விருந்து. காச உண்டியல்ல போடுங்க. ஆஸ்பிரின் தலைவலிக்கு.

மாந்தோப்பு:

மிதந்த பாதிய பழுக்க வைக்க முயற்சி பண்ணாதீங்க, ஊறுகாய்க்கு அனுப்பிடுங்க.

பச்சைக்கதவு:

சரிங்க. ரூம 13-க்கு ஏத்தியாச்சு. கார்னேஷன இப்போதைக்கு வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன், காய்கறி எல்லாம் வெளிய எடுத்துட்டேன், வீட்டுல திட்டு விழுது.